பொய்யாத கனவுகள்

பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் கார் தானாகவே தெற்குப் பக்கம் திரும்பிவிடும். கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, சிம்பாங் அம்பாட்டில் இறங்கி, அலோர் காஜாவைத் தாண்டி மலாக்காவை நோக்கிப் போனால் பாயா ரும்புட் வரும். அங்கே ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் அம்மா தனியாக இருக்கிறார். வாசலில் முருங்கை, பின்னால் இரண்டு வாழை. "எனக்கு இது போதும்மா. உங்க கே.எல்.ல மூச்சு முட்டுது" என்பார்.

மலாய் மொழியில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். 'ரும்புட்' என்றால் புல். புல் மண்டிய சதுப்பாக ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். இன்று கண்ணில் படுவதெல்லாம் தாமான்களும் கடை வரிசைகளும் ஓயாத வாகனங்களும்தான். பெயரில் மட்டும் புல்லும் தண்ணீரும் மிச்சம்.

இந்த முறை மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. முதலாம் படிவம் படிக்கிறாள். ஓவியப் பாடத்துக்குத் தன் பூர்வீக ஊரை வரைந்துகொண்டு போக வேண்டும். பாட்டி வீட்டுத் திண்ணையில் டிராயிங் பிளாக்கை வைத்துக்கொண்டு காலையிலிருந்து குனிந்தே இருந்தாள். மத்தியானம் எட்டிப் பார்த்தேன்.

வரிசை வீடுகளின் கூரை மேல் ஒரு கோபுரம் முளைத்திருந்தது. மின்சாரக் கம்பிக் கோபுரம் ஒன்று காவடி தூக்கிக்கொண்டு நடந்தது. நெடுஞ்சாலை பாம்பாக வளைந்து கோயில் வாசலுக்குள் நுழைந்தது. அதன் வாயில் கார்கள் பல்வரிசையாக நின்றன.

"என்னம்மா இது? ஊரை வரையச் சொன்னா ஏதோ வரைஞ்சி வச்சிருக்க? டீச்சர் கேட்டா என்ன சொல்வ?"

"கனவுல வர்ற ஊர்மா இது" என்றாள், தலையைத் தூக்காமல்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க சித்தப்பா கை."

நாள்காட்டியின் பின்பக்கம்

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாயா ரும்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் வேலை. அதிகம் பேச மாட்டார். வேலை முடிந்து குளித்துவிட்டு, லயத்து வீட்டின் முன்வாசலில் உட்கார்ந்து, கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் வரைவார். மளிகைக் கடை நாள்காட்டி, நகைக் கடை நாள்காட்டி எதுவானாலும் அவருக்கு வேண்டியது பின்பக்கத்து வெள்ளைதான்.

அவர் வரைந்தவை எங்களுக்குப் புரிந்ததில்லை. துரை பங்களாவுக்குச் சக்கரம் இருக்கும். லயத்து வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கோபுரமாக நிற்கும். முனியாண்டி சாமியின் மீசை பாலமாக நீண்டு, அதன் மேல் ஆட்கள் பால் வாளியோடு நடப்பார்கள். பெண் முகம் கொண்ட பசுக்கள் கூரைகளுக்கு மேல் பறக்கும். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். பெரியவர்கள், "இவனுக்கு ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போயிடும்" என்பார்கள். தோட்டத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர்கூட இருந்தது. அதை இங்கே எழுத மனமில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தோட்டம் கைமாறியது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். லாரியில் ஏற்ற முடியாததையெல்லாம் லயத்தின் பின்னால் குவித்துக் கொளுத்தினோம். கிழிந்த பாய்கள், உடைந்த கட்டில் கால்கள், பழைய புத்தகங்கள். அவற்றோடு சித்தப்பாவின் படக்கட்டும் போனது. தாள்கள் சுருண்டு வெளியே பறக்காமல் குச்சியால் நெருப்புக்குள் தள்ளிவிட்டவள் நான்தான். சித்தப்பா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. அவர் இறந்தும் இருபது வருடமாகிறது.

எது எங்கே இருந்தது?

மறுநாள் காலையில் பசியாறிவிட்டு மூவரும் அந்த இடத்துக்குப் போனோம். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட கதையே இந்த மாநிலத்தில்தான் தொடங்கியது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீனத் தொழிலதிபர் முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அதன் பின் ஒரு நூற்றாண்டு முழுவதும் இங்கே நம்மவர்கள் விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகள் வந்தன.

எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடுகள். சாலை ஓரிடத்தில் லேசாக இறங்கி ஏறுகிறது. அந்தப் பள்ளம் மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இங்க என்னம்மா இருந்துச்சு?" என்று மகள் கேட்டாள்.

"இதுதான் பிரட்டுக்களம். வலது பக்கம் குழாயடி. அதுக்குப் பின்னால ஆயாக்கொட்டகை."

"குழாயடி இடது பக்கம்" என்றார் அம்மா.

"இல்லம்மா, வலது பக்கம். நான் எத்தனை நாள் தண்ணி புடிச்சிருக்கேன்."

"நான் இருபத்தாறு வருஷம் புடிச்சிருக்கேன்."

இரண்டு பேரும் அசையவில்லை. யார் சொல்வது சரி என்று காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. கல்யாணப் படம் இருக்கிறது, பள்ளிக்கூட வகுப்புப் படம் இருக்கிறது. லயத்தை யார் படம் எடுப்பார்கள்? குழாயடியை யார் படம் எடுப்பார்கள்? அதெல்லாம் என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தோம்.

ஒரே தெருவில் நான்கு உலகம்

அன்று மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போனேன். பாயா ரும்புட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவளுடைய படத்துக்கு 'உண்மையான' கட்டடங்கள் சிலவற்றைக் காட்டலாம் என்பது என் எண்ணம். போன இடம் எனக்கே பாடம் சொல்லிவிட்டது.

ஜாலான் துக்காங் எமாஸ் குறுகலான தெரு. அங்கே இருக்கிற கம்போங் கிளிங் பள்ளிவாசலை நின்று பாருங்கள். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் எழுப்பியது, 1872இல் செங்கல்லால் திருப்பிக் கட்டப்பட்டது. கூரை குவிமாடமாக இல்லை. சுமத்ராப் பாணியில் மூன்றடுக்காகக் கூம்பி நிற்கிறது. பாங்கு சொல்லும் கோபுரம் சீனப் பகோடா மாதிரி இருக்கிறது. உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்கள், விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. யாரோ ஒருவர் தூக்கத்தில் நான்கு நாட்டுக் கட்டடங்களை ஒன்றாக்கிப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஆனால் அது செங்கல்லும் சுண்ணாம்புமாக அங்கேதான் நிற்கிறது, தினமும் ஐந்து வேளை தொழுகை நடக்கிறது.

அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சுக்காரர் ஆட்சியில் கொடுத்த நிலத்தில், மலாக்கா செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781இல் கட்டியது. மலேசியாவில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. யானைத் தலையும் மனித உடலும் எலி வாகனமுமாக இருக்கும் பிள்ளையாரைப் பார்த்து நாம் யாரும் வியப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி யானைத் தலையோடு ஓர் ஆளை வரைந்தால் 'என்ன இது' என்று கேட்கிறோம்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, செங் ஹூன் தெங் சீனக் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கியது. அண்ணாந்து கூரை முகட்டைப் பார்க்க வேண்டும். வண்ணப் பீங்கான்களைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டிய கடல்நாகங்களும் பறவைகளும் பூக்களும் போர்வீரர்களும் வெயிலில் மின்னுகின்றன. மகள் டிராயிங் பிளாக்கை முழங்காலில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக்கு வந்தோம். அங்கே மலாக்கா சுல்தான் அரண்மனை மரத்தால் எழுந்து நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் மன்சூர் ஷா வாழ்ந்த அரண்மனையில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. செஜாரா மெலாயு நூலில் இருக்கிற வருணனையை வைத்து 1980களில் இதைக் கட்டினார்கள். அதாவது, முதலில் கட்டடம் இருந்தது. அது அழிந்து வெறும் சொல்லானது. ஐந்நூறு ஆண்டு கழித்து அந்தச் சொல்லிலிருந்து மறுபடியும் கட்டடம் வந்தது.

"அப்போ இது உண்மையான அரண்மனையா, பொய்யாம்மா?" என்று மகள் கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காலையில் பள்ளத்தில் நின்று குழாயடிக்காகச் சண்டை போட்டது ஞாபகம் வந்தது.

கனவை வரைவது எப்படி?

ஆற்றோரக் கடை ஒன்றில் தே தாரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்க் கரையில் பழைய கடைவீடுகளின் முதுகுப்புறச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். விளக்கும் பொம்மையுமாக அலங்காரம் செய்த பேச்சாக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்வந்தன.

"இந்த மாதிரி கன்னாபின்னான்னு வரையறத யாராவது மதிப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். முதல் நாள் நான் கேட்ட கேள்வி அவளுக்குள் தங்கிவிட்டது தெரிந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1924இல் பாரிஸ் நகரில் ஆந்திரே பிரெத்தோன் என்ற கவிஞர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கனவையும் நனவையும் பிரிக்கிற சுவரை உடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சர்ரியலிசம் என்று உலகம் பேசுகிற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே அந்த வழியில் போனவர்கள் உண்டு. இத்தாலியின் பிரானேசி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எங்கும் இல்லாத சிறைச்சாலைகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். படிகள் ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் போய்ச் சேராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தே கிரிக்கோ ஆளில்லாத சதுக்கங்களை வரைந்தார். வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், நீண்ட நிழல்கள், தூரத்தில் புகை விடும் ஒரு ரயில். பயமுறுத்தும்படி எதுவும் அதில் இருக்காது. ஆனாலும் பார்த்தால் மனம் என்னவோ செய்யும்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே நம் சிற்பிகள் யாளி செய்தார்கள். சிங்க உடலில் யானைத் துதிக்கை. மகரம் செய்தார்கள். அதில் முதலை பாதி, மீன் பாதி, துதிக்கை வேறு. மூன்று வருடம் முன்பு கும்பகோணம் பக்கம் கோயில் சுற்றுலா போனபோது தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் ஒரு சிற்பத்தைப் பார்த்தோம். ஒரே தலை. இந்தப் பக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் காளை, அந்தப் பக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் யானை. பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. அதே கோயிலின் முன்மண்டபத்துக்குச் சக்கரம் இருக்கிறது, இழுத்துக்கொண்டு ஓடக் குதிரைகளும் இருக்கின்றன. மண்டபமே தேராக நிற்கிறது.

சக்கரம் வைத்த துரை பங்களா எனக்கு அப்போதுதான் முதல் தடவை ஞாபகம் வந்தது. தாராசுரத்தைப் பார்க்காத சித்தப்பா அதை எங்கிருந்து எடுத்தார்? தோட்டத்துக் கோயில் தேரிலிருந்துதான் இருக்கும். திருவிழா இரவில் தேர் துரை பங்களா வரைக்கும் போய்த் திரும்பும். பிள்ளையாக இருந்த அவர் கண்ணில் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கலாம்.

தொப்பி போட்ட மனிதர்

அந்தப் பயணத்தின் கடைசி நாள் சென்னையில். விமானம் இரவில்தான். பகலைப் போக்க யாரோ சொன்னார்கள் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனோம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய இடம். அரசாங்கம் கட்டிக் கொடுத்ததல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். பாத்திக் என்றதும் எங்கள் குழுவில் இருந்த மலேசிய முகங்களெல்லாம் மலர்ந்துவிட்டன.

அங்கேதான் கே. ராமானுஜம் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். அவருடைய கோட்டோவியம் ஒன்றின் முன்னால் நின்றபோது என் கால் நகரவில்லை.

கறுப்பு மை. கோபுரங்களும் மாடங்களும் வளைவுகளும் அடுக்கடுக்காக எழும் ஒரு மாளிகை. வால் முறுக்கிய நாகங்கள், இறக்கை வைத்த உருவங்கள். வெற்றிடமே இல்லை என்னும்படி கோடுகள் தாளை நிரப்பியிருந்தன. அவருடைய படங்களில் தொப்பி வைத்த ஒரு மனிதர் அடிக்கடி வருவார் என்றும், அது அவரேதான் என்றும் சொன்னார்கள். நிஜ வாழ்க்கையில் அவர் மனநோயோடு போராடியவர். பேச்சு சரளமாக வராது. கேலிக்கு ஆளானவர். பணிக்கர் அவருடைய கையில் இருந்த சக்தியை அடையாளம் கண்டு ஊக்கம் தந்தார். சோழமண்டலத்தில் தங்கி ராமானுஜம் வரைந்துகொண்டே இருந்தார். நிஜத்தில் கிடைக்காத மாளிகையில், தாளின் மேல் தொப்பியோடு கம்பீரமாக வாழ்ந்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று இந்திய நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

சித்தப்பாவை ராமானுஜத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. ஒருவர் ஓவியம் கற்ற கலைஞர், மற்றவர் புகைக்கொட்டகைத் தொழிலாளி. சித்தப்பாவுக்கு நோயும் கிடையாது. பேச்சுதான் குறைவு. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் ஒன்று எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சோம்பேறித்தனமாகக் கனவு காணவில்லை. ராமானுஜத்தின் மாளிகை எந்த ஊரிலும் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு கம்பியும் நாகத்தின் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக வரையப்பட்டிருந்தன. முழுப்படம் கனவு, அதன் ஒவ்வொரு துண்டும் நிஜம். கனவு ஓவியத்தைப் பார்க்கும்போது நமக்கு ஏற்படுகிற அந்த மயக்கம் அங்கிருந்துதான் வருகிறது. துண்டுகள் நமக்குத் தெரிந்தவையாக இருப்பதால் நம்பிவிடுகிறோம். நம்பி உள்ளே போன பிறகுதான் படி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தெரிகிறது.

ஆற்றோரக் கடையில் இதை மகளிடம் சொன்னபோது அவள் தன் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "நான் கூரையில ஓடு போடாம விட்டுட்டேன்" என்றாள்.

நெருப்பையும் குச்சியையும் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "அவரு அழுதாராம்மா?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்குத் தெரியாது. நான் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் அடியில்

இரவு பாயா ரும்புட் திரும்பியபோது அம்மா முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் அவருடைய பழைய டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. கல்யாணப் புடவைகள், அப்பாவின் வேட்டி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் பாயில் வரிசையாக இருந்தன.

"காலையிலேருந்து மனசுல ஒரு ஞாபகம். பெட்டி துரு பிடிக்கக் கூடாதுன்னு அடியில தாள் போட்டிருந்தேன். என்ன தாள்னு பார்க்கலாம்னு எடுத்தேன்."

நாள்காட்டித் தாள். ஓரமெல்லாம் பழுப்பு. ஒரு பக்கத்தில் நகைக் கடை விளம்பரம். திருப்பினேன்.

லயத்து வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கோபுரமாக நின்றன. உச்சியில் கலசத்துக்குப் பதிலாகப் பால் மங்குகள். கோபுரத்தின் அடியில் புல்லும் தண்ணீருமாக ஒரு சதுப்பு, அதில் மனிதக் கண்ணோடு மீன்கள். பெண் முகப் பசு ஒன்று மேலே பறந்தது. ஒவ்வொரு கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு கதவிலும் யாரோ நின்றார்கள்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"பன்னிரண்டு கதவு. நம்ம லயத்துக்குப் பன்னிரண்டு கதவுதான். இது மூணாவது, நம்ம வீடு. பாரு, கீழ்ப்படி உடைஞ்சிருக்கு. அது உடைஞ்சது உன் அண்ணன் பொறந்த வருஷம். ஏழாவதுல நிக்கிறது கோழி வளர்க்கிற பாட்டி, கையில கூடை இருக்கு. கடைசி வீட்டு ஜன்னல்ல ஒரு பலகை இல்ல. அங்க இருந்தவங்க சாக்கு கட்டியிருந்தாங்க, பாரு, சாக்கு..."

சாக்கின் இழைகளைக்கூடக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தார் சித்தப்பா.

அம்மாவின் விரல் கோபுரத்தின் இடது பக்கம் போய் நின்றது. அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி, வளைந்த குழாய், வரிசையில் வைத்த வாளிகள்.

"குழாயடி" என்றார். குரலில் வெற்றி இல்லை. "சொன்னேன்ல, இடது பக்கம்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் தோட்டத்தைப் பற்றி இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி இதுதான். எந்த அலுவலகத்துக் கோப்பிலும் கோழிக்காரப் பாட்டி இருக்க மாட்டார். எந்த வரைபடத்திலும் உடைந்த படி இருக்காது. நாங்கள் கிறுக்கல் என்று சிரித்ததில் அத்தனையும் இருந்தன. மனிதர் வீடுகளை அடுக்கிக் கோபுரமாக்கியது பைத்தியத்தால் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஊரிலேயே மிக உயரமாகவும் மதிப்பாகவும் நிற்க வேண்டியது எது என்று அவருக்கு ஒரு கருத்து இருந்திருக்கிறது. மிச்ச தாள்களில் என்னென்ன கருத்து இருந்ததோ. அதை நினைக்கும்போதெல்லாம் கையில் அந்தக் குச்சியின் சூடு தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் பெட்டிகள் இருக்கும். தோட்டத்தை விட்டு வந்தபோது கட்டிக்கொண்டு வந்த மூட்டைகள் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒருமுறை அடிவரைக்கும் பாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஊரை ஊர் மாதிரி இல்லாமல் வரைந்துகொண்டிருந்தால், என்ன இது என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கதவுகளை எண்ணிப் பாருங்கள். நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். பைகளைக் காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தால், பாட்டியும் பேத்தியும் திண்ணையில் டிராயிங் பிளாக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கூரைகளுக்கு ஓடு வந்திருந்தது. காவடி தூக்கும் மின்கோபுரத்தின் ஒவ்வொரு கம்பியும் வந்திருந்தது.

அம்மா படத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரி பாப்பா. நம்ம வீட்டு முருங்கை எங்க?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து, வாசல் முருங்கையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு கோபுரத்தின் உச்சியில் அதை வரைய ஆரம்பித்தாள், காய் காயாக.